பதில் சொல்லாத சென்சார்

பேட்டையில் நான் வேலை செய்கிற பட்டறைக்கு, முதலாளி கூப்பிட்டு, மெஷினைப் பார்க்க ஒரு அம்மா வந்தார். மெஷின்களுக்குக் கட்டளை எழுதும் மொழியை உருவாக்குகிறவர் என்றார்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அவர் ஏதாவது கேட்டால் தலையாட்டினால் போதாது. வாயால் பதில் சொல்லும்வரை நகர மாட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் என் கூட்டாளிக்கு இரண்டு விரல் போயிருந்தது. கை உள்ளே இருந்தால் மெஷினுக்குச் சொல்லும் சென்சாரின் வயர் கழன்று கிடந்திருக்கிறது.

"அவம்லா பாத்து வேல செய்யணும்," என்றார் முதலாளி.

அந்த அம்மா மெஷினின் கட்டளைகளை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"சென்சார் பதிலே சொல்லல அண்ணாச்சி. பதில் வரலன்னா கை இல்லன்னு மெஷின் எடுத்துக்கிடுது. இப்படி எழுத விடுத மொழியே தப்பு. பதில் வராட்டா என்ன செய்யணும்னு எழுதலன்னா, என் மொழியில மெஷின் ஓடவே ஓடாது."

"அப்பம் வேல நின்னு போகும்லாம்மா?"

"நிக்கட்டும். நிக்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கேன். இத இப்ப நிப்பாட்டுதீங்களா?"

முதலாளி பேசவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

மறுநாள் வயரில் டேப் சுற்றி மெஷினை ஓட்டினார்கள். அந்த அம்மாவை மறுபடி கூப்பிடவில்லை. இப்போது அந்தப் பிரஸ்ஸில் நான் நிற்கிறேன்.

என் கூட்டாளியின் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனவர் முதலாளி. அவருக்கு வராத கோபம், அவன் பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவுக்கு எப்படி வந்தது?