மெம்பரின் கட்டைவிரல்

"மேக்க சூரியன் உதிச்சாலும் உதிக்கும்யா, இந்தக் கட்டவெரல்ல மை படாது! இந்தத் தலப்பா எவன் முன்னாலயும் எறங்காது!"

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ் நாகமலைத் திருப்பத்தில் வேகம் குறைந்ததும் ஸ்ரீமான் நல்லகாமன் எழுந்து நிற்பார். இடக்கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். வலக் கட்டைவிரலைப் பிரயாணிகள் எல்லோரும் தரிசிக்கும்படி உயர்த்திக் காட்டி மேற்படி வாக்கியங்களைச் சொல்வார். திங்களும் வெள்ளியும் தவறாது. பஸ் அவருடையது. பிடிக்காதவர்கள் இறங்கிக்கொள்ள அவர் தடை சொன்னதில்லை. ஆனால் நாகமலையில் இறங்கி உசிலம்பட்டிக்கு நடக்கிற அளவுக்கு யாருக்கும் அவர் பேச்சின் மேல் வெறுப்பு இல்லை.

நல்லகாமன் சென்னைச் சட்டசபை மெம்பர். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்பதால், அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிலமும் வீடும் உள்ளவர்கள். அவரை நம்பியவர்களோ ஒன்றும் இல்லாதவர்கள். இரண்டும் ஒரே கூட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்களுக்கு இந்தச் சிறு மயக்கம் சகஜந்தான்.

ஆள் உயரம் நடுத்தரம். தலைப்பாகையோடு சேர்த்தால் ஆஜானுபாகு. சரிகைக் கரை போட்ட ரோஜா நிறத் தலைப்பாகை. இரவில் படுக்கும்போது அதைக் கழற்றிவிடுகிறார் என்று அவர் மனைவி ஜெயக்கொடி சொல்கிறார். வேம்படிப்பட்டியில் அதை நம்புவார் இல்லை. சட்டைப் பையில் இரண்டு சாமான்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, மைப்பேனா. இங்கிலீஷில் தம் பெயரை எழுத மட்டும் தெரியும் அவருக்கு. ஆனால் அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குப் பிறகு ஒரு கோடு கிளம்பி, வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து காகிதத்தின் ஓரம்வரை பாயும். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பஸ் கம்பெனி ரசீது, எதைக் கொடுத்தாலும் பாய்ச்சிவிடுவார். இன்னொரு சாமான், நாலாக மடித்த ஒரு சர்க்கார் காகிதம். அதன் பெருமையைச் சொல்வதற்கு முன், விஷயம் தெரியாத வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை.

எங்கள் மேற்குச் சீமையில் சில ஊர்கள் முழுக்க முழுக்கக் குற்றவாளிகளின் ஊர் என்று சர்க்கார் கண்டுபிடித்திருக்கிறது. ஆள் ஆளாகக் கண்டுபிடிப்பது சிரமம். ஊர் ஊராகக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேம்படிப்பட்டி அந்த ஜாபிதாவில் ஒன்று. அங்கே ஆண்பிள்ளையாகப் பிறந்து பதினெட்டு முடிந்தால் போலீஸ் புத்தகத்தில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மாமியார் செத்தாலும் சீட்டு வந்த பிறகுதான் அழப் போகலாம். ரேகை வைத்த விரலைத் துடைக்க ஸ்டேஷனில் துணி கிடையாது. அவரவர் முன்தலை மயிரில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேம்படிப்பட்டி ஆண்களுக்கு ஐம்பது வயதிலும் முன்தலை கன்னங்கரேலென்று இருப்பதைக் கண்டு, என்ன தைலம் தேய்க்கிறார்கள் என்று மதுரைக் கனவான் ஒருவர் என்னிடம் ரகசியமாக விசாரித்ததுண்டு.

மெம்பர் பையிலிருந்த காகிதம், 'இவரும் இவர் குடும்பமும் கௌரவமானவர்கள், ரேகை வேண்டியதில்லை' என்று சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்த விலக்கு. ஊரில் அப்படிக் காகிதம் உள்ளவர் அவர் ஒருவரே. கட்டைவிரலில் மை படாமல் இருந்ததற்கு வீரம் எவ்வளவு காரணம், காகிதம் எவ்வளவு காரணம் என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்த ரேகைச் சட்டத்தைச் சட்டசபையில் எதிர்த்து ஒரு தீர்மானம் கொண்டுவருவதாக மெம்பர் நோட்டீஸ் கொடுத்தார். கொடுத்த நாள் முதல் பஸ்ஸிலேயே ஒத்திகை ஆரம்பமாயிற்று.

"கனம் தலைவர் அவர்களே! ஒருத்தன் ஆட்டத் திருடுனா ஊரையே புடிச்சுக் கட்டுறீகளே, பட்டணத்துல ஒரு வக்கீலு பொய் சொன்னா, வக்கீலுக அம்புட்டுப் பேருக்கும் ரேக எடுப்பீகளா?"

இந்த இடத்தில் கைதட்டல். பிறகு ஒரு மறதி. அப்போது கண்டக்டர் காளை படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பான்: "மாமியா சாவு, மொதலாளி! மாமியா சாவு!"

கத்திரிக்காய் வியாபாரம் செய்யும் ராக்கம்மாளுக்கு வேறு கவலை. "ஏண்ணே, போன வெள்ளிக்கெழம இந்த எடத்துல மேசையக் குத்துவேன்னீக. இன்னைக்குக் குத்தாம விட்டுட்டீகளே?"

"இங்க மேசைக்கு எங்க போவேன் ஆத்தா?"

"என் கூடையக் குத்துங்க. பிஞ்சுக் காய் அடியில கெடக்கு, தைரியமாக் குத்துங்க."

குத்துவார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு மட்டும் சொல்வதுபோல் முடிப்பார்: "பதினோரு மணிக்கு நான் எந்திரிப்பேன். பதினொன்னேகாலுக்குச் சட்டம் படுத்துரும்."

சின்னக்கருப்பன் இதைக் கேட்ட அழகைச் சொல்ல வேண்டும். மெம்பருக்குப் பங்காளி முறை. சீட்டு வாங்கிக்கொண்டு மதுரைக்கு வைக்கோல் பேரம் பேசப் போவார். ராதாரிச் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டுவார். மாமியார் சாவு வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவார். அவர் மாமியார் திடகாத்திரமாக இருக்கிறாள்.

தீர்மானத்துக்கு நாள் குறித்தார்கள். மேளதாளத்தோடு மெம்பரை ரயிலேற்றினோம். மூன்றாம் நாள் காலை காளை பத்திரிகையைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தான். "மெதுவாப் படிங்கய்யா. ஒரு வார்த்தகூட விட்டுறாதீக." பஸ்ஸை ஓரமாக நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார்கள்.

விடுவதற்கு அதிகம் இல்லை. "அடுத்த தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருந்த மதுரை மெம்பர், தலைவர் இருமுறை பெயர் சொல்லி அழைத்தும் எழுந்திருக்கவில்லை. தீர்மானம் கைவிடப்பட்டது."

"பின்பக்கம் பாருங்க" என்றான் காளை.

பின்பக்கத்தில் தலைவலி மருந்து விளம்பரம் இருந்தது. அதையும் படிக்கச் சொன்னான்.

மெம்பர் திரும்பி வந்ததற்கு மேளம் இல்லை. ஒரு வாரம் கழித்து, தல்லாகுளத்துக் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக மூன்று பர்லாங் கேட்கும் குரல், மூன்று அடிகூடக் கேட்கவில்லை.

"காப்பி நல்ல காப்பிங்கய்யா" என்று ஆரம்பித்தார்.

"எந்தக் காப்பி?"

"சபைக்கு முந்துன நாளு ஒருத்தர் காப்பிக்குக் கூப்புட்டாரு. வெள்ளக்காரன் இல்ல, நம்ம மனுசந்தான், பெரிய உத்தியோகம். 'ஒங்க மகன் காலேசுல படிக்கிறானாமே, ரொம்ப சந்தோசம்'னாரு. 'பதினெட்டு முடிஞ்சிருச்சா'ன்னாரு. முடிஞ்சிருச்சுன்னேன். 'வேம்படிப்பட்டிப் புஸ்தகத்துல இன்னும் வெத்துப் பக்கம் நெறையக் கெடக்கு, மிஸ்டர் நல்லகாமன்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. வருசா வருசம் பஸ் லைசென்சு யாரு கையில இருக்குன்னும் வெசாரிச்சாரு. 'இன்னொரு காப்பி சொல்லவா'ன்னும் கேட்டாரு."

"மறுநாள்?"

"பேரக் கூப்புட்டாக. எந்திரிக்கணும்னுதான்யா இருந்தேன். பேச்சு அம்புட்டும் நாக்குல நிக்கிது, மாமியா சாவு உள்பட. காலு வரல. பய கட்டவெரலு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சின்னப் புள்ளையில அதத்தான் வாயில போட்டுச் சப்பிக்கிட்டுக் கெடப்பான்."

சட்டசபையில் நூற்றுக்கு மேற்பட்ட கனவான்கள் இருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் போனவர்களின் பெயர்கள் நடவடிக்கைக் குறிப்பில் வருகின்றன. யார் யாருக்கு எத்தனை காப்பி கொடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் வருவதில்லை. அதையும் அச்சுப்போட்டால் தேச சரித்திரம் படிக்கச் சுலபமாக இருக்கும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மெம்பர் வெட்கப்பட்டதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பதினொன்றேகால் மணியை ஒருவர் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

சின்னக்கருப்பனின் தங்கை அன்னக்கொடியை மேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் குழந்தைக்குக் காதுகுத்து, தீர்மானத்தன்றே சாயங்காலம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே ராதாரிச் சீட்டு எழுதி வாங்கச் சொன்னாள் மனைவி சோலையம்மாள். "சட்டந்தான் படுத்துருமே, சீட்டு என்னத்துக்கு?" என்றார் சின்னக்கருப்பன். அவசரக்காரர் அல்ல. அன்று சீர்த்தட்டைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பதினோரு மணி அடித்தது. எழுந்தவரைச் சோலையம்மாள் உட்கார வைத்தாள்: "கால்மணி நேரம் போகட்டும்யா." அவர் பெரிய மனது பண்ணிப் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். சர்க்காருக்கு அவ்வளவு தாராளமாக அவகாசம் கொடுத்தவர் வேறு எவரும் இருக்க மாட்டார்.

மேலூர்ச் சந்தையருகே ஒரு போலீஸ்காரர் சீட்டுக் கேட்டார். சின்னக்கருப்பன் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டாராம். "சட்டம் பதினொன்னேகாலுக்கே படுத்துருச்சேய்யா. ஒங்களுக்கு இன்னும் தாக்கல் வரலையா?"

மூன்று மாதம் ஜெயில். குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை.

அதற்குப் பிறகும் மெம்பர் திங்களும் வெள்ளியும் பஸ்ஸில் வருகிறார். தலைப்பாகை இருக்கிறது, பேனா இருக்கிறது, காகிதம் இருக்கிறது. நாகமலைத் திருப்பம் வந்தால் மட்டும், வயலில் ஏதோ தொலைத்துவிட்டவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஒருநாள் காளை பழக்க தோஷத்தில் "கனம் தலைவர் அவர்களே" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைகளில் சோலையம்மாள் மதுரைச் சிறைக்குப் போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு இதே பஸ்ஸில் திரும்புவாள். மெம்பர் அன்று நின்று பேசிய இடத்துக்கு நேர் கீழே உள்ள பலகையில்தான் உட்காருவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டது ராக்கம்மாள். "என்னண்ணே, நாகமல வந்துருச்சு. எந்திரிக்கலையா?"

"விடுக்கா" என்றாள் சோலையம்மாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டே. "அவுகளுக்குக் கால் வலி."

அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். மெம்பர் அன்று வழியெல்லாம் தம் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை சின்னக்கருப்பன் விடுதலையானார். தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்; ஆள் பாதியாக இருந்தார். சோலையம்மாளோடு பஸ்ஸில் ஏறியவர், மெம்பரைக் கண்டதும் பழைய மரியாதையோடு, "வாரேண்ணே, ஊருக்குத்தான்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நாகமலைத் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். புது ஸப்-இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கத்துக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிராது. எங்கேயோ ஆடு காணாமற்போயிற்றாம். புளியமரத்தடியில் மேஜை, புத்தகம், மைத்தட்டு.

"வேம்படிப்பட்டி ஆம்பளைங்க மட்டும் இறங்கி ரேகை வச்சுட்டுப் போங்க."

சின்னக்கருப்பன் இறங்கினார். வேறு இருவரும் இறங்கினார்கள். அவர் பழகின கை; ஒரே உருட்டில் வைத்துவிட்டு, வழக்கப்படி விரலை முன்தலைக்குக் கொண்டுபோனார். அங்கே மயிர் இல்லை. மொட்டை மண்டையில் மை ஈஷிக்கொண்டது.

மெம்பர் பஸ்ஸுக்குள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்திருந்தார். மூன்று மாதத்துக்கு அப்புறம் நாகமலைத் திருப்பத்தில் அவர் எழுந்தது அன்றுதான். படியிறங்கி, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

ஸப்-இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க?"

காளைக்குப் பொறுக்கவில்லை. "சார், அவுக யாரு தெரியுமா, அவுக..."

"நீ சும்மா இர்றா காளை" என்றார் மெம்பர். "வேம்படிப்பட்டிதாங்க. பேரு நல்லகாமன்."

"பேனா வச்சிருக்கீங்களே. கையெழுத்துத் தெரியுமா?"

மெம்பரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. பஸ் முழுவதும் கழுத்தை நீட்டிற்று. பேனா வந்தால் வாய்க்கால் பாயும்; காகிதம் வந்தால் ஸப்-இன்ஸ்பெக்டர் எழுந்து சலாம் வைப்பார். கை வெறுமனே வெளியே வந்தது.

"ரேகையே வச்சுர்றேங்க" என்று கட்டைவிரலை நீட்டினார்.

மைத்தட்டில் அதை ஊன்றி அமுக்கினார். அவருக்கு வைக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சின்னக்கருப்பன் குனிந்து, "அமுக்காதீகண்ணே, அப்பிரும். லேசா உருட்டுங்க" என்று மணிக்கட்டைப் பிடித்து உருட்டி எடுத்தார்.

துடைக்க மேஜையில் துணி இல்லை. மெம்பர் மை விரலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இடக்கையால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஞ்சாய் வெளுத்துக் கிடந்த முன்தலை மயிரில் கட்டைவிரலைத் தேய்த்தார்.