இரண்டு சர்வர், ஒரு பொது எண்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத் தொழிலாளியின் மகள் நீலாவதி, 2013இல் போர்ட் பிளேர் அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். சுனாமி வீட்டு ஒதுக்கீட்டுக் கோப்புகள் இரண்டு சர்வர்களில் இருந்தன: ஒன்று அங்கேயே, அதன் நகல் சென்னையில். இரண்டுக்கும் ஒரு பொது முகவரி எண். ஒன்று செயலிழந்து படுத்தால் அந்த எண்ணை மற்றது ஏற்கும். ஆனால் கணினிகளை அமைத்த ஒப்பந்ததாரரோ எல்லாக் கணினிகளிலும் உள்ளூர் சர்வரின் சொந்த எண்ணையே எழுதிவிட்டுப் போயிருந்தார்.

உள்ளூர் சர்வர் படுத்த நாள், வீடு மறுக்கப்பட்டவர்கள் முறையிடக் கடைசி நாள். கட்சாலிலிருந்து வந்த ரெங்கம்மா ஜன்னலில் நின்றார்.

"ரெக்கார்ட் நஹி ஹை, பதிவே இல்ல அம்மா. உங்க தலையெழுத்து," என்றார் குமாஸ்தா ஈஸ்வரன்.

"வீட்டைக் கடல் கொண்டு போச்சு. பேரையுமா கொண்டு போச்சு?"

நீலாவதிக்குச் சுரீரென்றது. அவள் அப்பாவின் நிவாரணக் கடிதமும் கடல் கொண்ட வீட்டு எண்ணுக்குப் போய், 'ஆள் இல்லை' என்று திரும்பியது. அவர் முகாமில் உயிரோடு இருந்தார்.

"தலையெழுத்து இல்ல சார், கான்ட்ராக்டர் எழுத்து!" என்று பொது எண்ணைத் தட்டினாள். சென்னை நகலிலிருந்து கோப்பு திறந்தது. ரெங்கம்மாவின் மனு பதிவானது.

"ரெக்கார்ட் இல்லன்னு காலையில திருப்பி அனுப்பினோமே, பதினொரு பேர்?" என்று ஈஸ்வரனிடம் கேட்டாள்.

"மதியக் கப்பல்ல தீவுக்கே திரும்பிப் போயிட்டாங்க."

"கோப்பு இருக்கே, நாமளே பதியலாமே?"

"அவங்க கையெழுத்து இல்லாம எப்படிம்மா?"

மாலை ஐந்து மணிக்கு அந்தப் பதினொரு பேரின் உரிமையும் காலாவதியானது.