கடிகாரம்மா கட்டிய பெட்டி

டிப்போவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. கடிகாரம்மா என்றால்தான் தெரியும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று வாசல் அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவள். ஒரு நிமிஷம் தாமதம் என்றால் ஒரு நிமிஷம் என்றுதான் எழுதுவாள். அதை மாற்றச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, டீ வாங்கிவந்து மேஜையில் வைத்தவர்களும் உண்டு. டீயைக் குடித்துவிட்டு ஒரு நிமிஷம் என்றே எழுதுவாள். கட்டிக்கொண்ட புருஷனும் அதே டிப்போவில்தான் டிரைவர். அந்த மனுஷனுக்கும் சலுகை கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் மூன்று நிமிஷம் பிந்தி வண்டியை எடுத்ததை எழுதிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது போல அவருக்குச் சாப்பாடு போட்டவள்.

இப்பேர்ப்பட்டவள் தன் கையால் ஒரு கம்ப்யூட்டர் கட்டினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கட்டினாள். அதில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம். இப்போது இது ஒரு பெரிய விஷயமே இல்லை, குழந்தைகூடப் போனில் செய்யும். நான் சொல்வது போனில் படம் பார்க்கிற காலம் வருவதற்கு முன்னால். அன்றைக்கு டிவியில் போனது போனதுதான்.

எதற்காகக் கட்டினாள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கும் புருஷனுக்கும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டுவரை வேலை. வீட்டில் இருந்தது நாத்தனார். புருஷனுக்கு அக்கா, பிறவியிலேயே காது கேட்காது, வாயும் பேசாது. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தைத்துக்கொண்டே சாயங்காலத் தொடர்கள் அத்தனையும் பார்ப்பார். திரையில் அடியில் ஓடும் எழுத்தைப் பாதி படிப்பதற்குள் அது ஓடிவிடும். இவர்கள் எட்டரைக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும், அந்தப் பெண் ஏன் அழுதாள், அந்த ஆள் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான் என்று கையால் கேட்பார். இவர்களுக்கு எப்படித் தெரியும்? காது கேட்கிற இரண்டு பேர் வீட்டில் இல்லை, வீட்டில் இருக்கிறவருக்குக் காது கேட்காது. மூன்று வருஷம் ஓடிய ஒரு தொடரின் கதை என்ன என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமலே அது முடிந்துபோனது.

கடிகாரம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. டிப்போவில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கி ஸ்டோர் ரூமுக்கு வெளியே போட்டிருந்த சமயம். மேனேஜரிடம் போய் ஒன்றைக் கேட்டாள். குப்பைக்குப் போவதுதானே, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். டிப்போ பிரிண்டர் மக்கர் செய்யும்போதெல்லாம் மெக்கானிக்குக் காத்திராமல் அவளே திறந்து சரிசெய்துவந்தவள்தான். ஸ்க்ரூடிரைவர் அவளுக்குப் புதிதில்லை. டிவி ஒயரைச் சொருகிக்கொள்ள ஒரு கார்டும், பெரிய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும்மா, வீட்ல பையன் இருக்கானா?"

"எனக்குத்தான். இந்தக் கார்டு பழைய கம்ப்யூட்டர் போர்டுல உக்காருமா, உக்காராதா? அதைச் சொல்லுங்க."

உட்காரும் என்று கடைக்காரர் தலையாட்டினார். பில் போட்டுக் கொடுத்தார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கம்ப்யூட்டரின் பழைய கூடு துருப்பிடித்துப் பல்லிளித்ததால், டிரிப் ஷீட் அடுக்கிவைக்கும் தகரப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் குடியேற்றினாள். காற்றுப் போக ஓட்டை போட்டாள். இதில் சாப்பாடு சூடு பண்ணலாமா என்று புருஷன் கேட்டதற்கு, பண்ணலாம், உங்களுக்கு மட்டும் கிடையாது என்றாள். முதல்முதலாகப் படம் வந்த அன்றைக்கு நாத்தனார் எழுந்து நின்று கை தட்டினார். படம்தான் வந்தது, சத்தம் வரவில்லை. அக்காவுக்குப் பொருத்தமாகக் கட்டியிருக்கிறாய், எனக்கு எப்போது கட்டப்போகிறாய் என்றார் புருஷன். அடுத்த வாரம் சத்தம் வந்தது, கூடவே பெட்டியும் சத்தம் போட ஆரம்பித்தது. மேட்டில் ஏறும் வண்டி போல ஒரே உறுமல். காதை வைத்துக் காதை வைத்துப் பார்த்தும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இடம் பிடிபடவில்லை. நாத்தனார்தான் இருவரையும் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்து மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் விரலால் குத்திக் காட்டினார். டிஸ்க்கைப் பிடித்திருந்த தகடு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பஸ் கதவு ரப்பரில் நாலு துண்டு வெட்டி அடியில் கொடுத்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது.

கடைசியாக போர்டில் தீர்ந்துபோயிருந்த பொத்தான் பேட்டரியை மாற்றி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி பிசகாமல் பெட்டிக்கு நேரம் வைத்தாள். பேப்பரில் வரும் நிகழ்ச்சி நேரத்தைப் பார்த்துத் தட்டிவிட்டால் போதும், அந்தந்த நேரத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்து தானாகப் பதிவாகும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு எட்டரை மணியே வேறு. மூவரும் சாப்பிட்டபடி அன்றைய தொடரைப் போடுவார்கள். நாத்தனாருக்குப் புரியாத இடத்தில் படத்தை நிறுத்தி, கடிகாரம்மா கையால் விளக்கிவிட்டு மறுபடி ஓடவிடுவாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். யார் கட்டியது என்று கேட்டால் புருஷன், என் வீட்டுக்காரிதான் என்று ஏதோ தானே பாதி கட்டிய மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார். அவர் பிடித்துக் கொடுத்தது டார்ச் லைட் மட்டும். ஒன்பது வருஷம் ஓடியது அந்தப் பெட்டி. கடையில் வாங்கியது எது ஒன்பது வருஷம் ஓடுகிறது, சொல்லுங்கள்?

ஒரே ஒரு குறை. எந்தத் தொடரை எடுத்தாலும் கடைசிக் கொஞ்சம் வெட்டுப்பட்டுப் போகும். கத்தி ஓங்கினவன் ஓங்கியபடியே நிற்பான். இந்தச் சேனல்காரர்களுக்கு நேரத்துக்கு ஆரம்பிக்கவும் தெரியாது, நேரத்துக்கு முடிக்கவும் தெரியாது, என் டிப்போவில் இருந்தால் தினம் மெமோதான் என்று கடிகாரம்மா வாய் ஓயாமல் திட்டினாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முடிகிற நேரத்தைப் பத்து நிமிஷம் கூட்டிப் போட்டாள். குறை தீர்ந்தது. அவள் திட்டும் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. ஒரே மகள். அத்தையின் மடியில் வளர்ந்ததால் வாய்ப் பேச்சுக்கு முன்னால் கைப் பேச்சு வந்த பிள்ளை. சில வருஷமாக வேறு ஊரில் அதையே படிப்பாகப் படித்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிச் செய்தியில், திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் நின்று காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொல்லப்போகிறாள். நேரடி ஒளிபரப்பு. ஒரு தடவைதான் வரும், மறுபடி போட மாட்டார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. புருஷன் மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தார். டியூட்டி பட்டியல் போடுவது யார்? கடிகாரம்மா. வியாழக்கிழமைக்கு ஏற்கெனவே மூன்று டிரைவர்கள் லீவு கேட்டிருந்தார்கள். மூன்றுக்கு மேல் கிடையாது என்பது விதி. புருஷனின் தாளை நாலாவதாக வைத்து, இல்லை என்று எழுதினாள். அவருக்கே இல்லாதபோது தனக்கு எப்படி என்று தன் லீவையும் கேட்கவில்லை. புருஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவர்தான் வாயைத் திறந்தார். "பொண்ணு முதல் தடவையா டிவில வர்றா. அதைப் பாக்க எனக்குக் கொடுத்து வைக்கலையா?"

"நான் கட்டின பெட்டி எதுக்கு இருக்கு? எட்டரைக்கு வந்து ஒரு நொடி விடாம பாப்பீங்க. என்னை நம்புங்க."

சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து அவளுக்கும் உள்ளூர உதறல்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சோதித்துப் பார்த்தாள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, ஒயர் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஆறு மணிக்கு ஆரம்பம், ஆறரைக்கு முடிவு என்று தட்டினாள். பத்து நிமிஷம் கூட்டவில்லை. மற்ற நிகழ்ச்சிக்காரர்கள்தான் நேரம் தெரியாதவர்கள்; செய்திக்காரர்கள் தன்னைப் போல, ஆறரை என்றால் ஆறரை. அவர்களுக்குப் போய்க் கூடுதல் நேரம் போடுவது அவமரியாதை என்று நினைத்தாள். பாருங்கள், திமிர் எந்த வழியில் வந்து நிற்கிறது என்று.

வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் வாசலிலேயே நின்றார். சாயங்காலமே நேரடியாகப் பார்த்துவிட்டவர் அவர் ஒருத்தர்தான். முகம் ஜொலித்தது.  நீங்களே பாருங்கள் என்று இருவரையும் பிடித்து உட்காரவைத்தார்.

பெட்டி படத்தைக் காட்டியது. முதலில் ஏதோ சோப்பு விளம்பரம், பிறகு செய்தியின் இசை, ஓரத்தில் சின்னக் கட்டம், அதற்குள் மகள். கறுப்புச் சட்டை, இழுத்துக் கட்டிய முடி. முதல் செய்திக்குக் கைகள் கொஞ்சம் அவசரப்பட்டன. இரண்டாவதில் நிதானம் வந்துவிட்டது. பிறகு அந்தக் கைகள் பேசின பேச்சு இருக்கிறதே, பத்துப் பெரிய மனுஷர்கள் மேடை போட்டுப் பேசினாலும் வராது. புருஷன் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். வாசிக்கிற பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. கண்ணெல்லாம் அந்தத் தீப்பெட்டி அளவு கட்டத்திலேயே இருந்தது. கடிகாரம்மா திரைக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். பெற்ற பிள்ளையும் தன் பிள்ளை, காட்டுகிற பெட்டியும் தன் பெட்டி. பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

புதுப் பாலம் திறக்கும் செய்தியில் மகள் இரண்டு கையையும் பாலமாக உயர்த்தினாள். உயர்த்திய கை இறங்கவில்லை. படம் நின்று, திரை கறுத்தது.

கடிகாரம்மா பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். பதிவு அவ்வளவுதான். இருபத்தாறு நிமிஷச் செய்தி இருந்தது, கடைசி நாலு நிமிஷம் இல்லை. தொடக்கத்தில் நாலு நிமிஷம் சோப்பு விளம்பரம் இருந்தது. புருஷன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம கடிகாரமெல்லாம் டிப்போ நேரம்தானே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவர்கள் பிந்தக் கூடாது என்று முன்பிருந்த ஒரு மேனேஜர் டிப்போ கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அவள் கைக்கடிகாரம் அதைப் பார்த்து வைத்தது. வீட்டுக் கடிகாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த நேரத்திலேயே எழுந்து, சமைத்து, தூங்கி, உலகத்துக்கே அதுதான் நேரம் என்று ஆகிவிட்டிருந்தது. பெட்டி பாவம், அவள் கொடுத்த நேரத்துக்கு நொடி தவறாமல் ஆரம்பித்து, நொடி தவறாமல் நிறுத்தியிருந்தது. இத்தனை நாளும் வெட்டுப்பட்ட தொடருக்கெல்லாம் சேனல்காரர்களைத் திட்டியது இவள் தப்புக்கு.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஊரார் பிந்தியதையெல்லாம் எழுதிவைத்தவள். மகளின் முதல் நாளில் நாலு நிமிஷத்தைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டு நின்றாள். நம்புங்கள் என்று வேறு சொல்லியிருந்தாள். புருஷன் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பரவாயில்லை, முக்கால்வாசிக்கு மேல் பார்த்தாயிற்றே என்றார். அது அவளுக்கு இன்னும் வலித்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரம்மா மெல்லக் கையால் சொன்னாள்: மிச்சம் இல்லை, நான் கெடுத்துவிட்டேன்.

நாத்தனார் சிரித்தார். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில், மகள் நின்ற அதே மூலையில் நேராக நின்றார். இரண்டு கையையும் பாலமாக உயர்த்தினார். மகள் விட்ட இடத்திலிருந்து அந்தக் கைகளை இறக்கி, செய்தியைத் தொடர்ந்தார். பாலம் இன்னும் இரண்டு மாசத்தில் திறப்பார்கள். பந்தாட்டத்தில் நம் ஆட்கள் தோற்றார்கள், அதைச் சொல்லும்போது பிள்ளை உதட்டைப் பிதுக்கியது, இப்படி. முடி அவிழ்ந்து கண்ணில் விழுந்தது, கை சும்மா இல்லாததால் தோளாலேயே தள்ளியது, இப்படி. நாளைக்கு மழை உண்டு. வணக்கம் சொல்லிவிட்டு, முடிந்தது என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டது, அதையும் கேமரா காட்டிவிட்டது. அந்தப் பெருமூச்சைக்கூட நாத்தனார் விட்டுக் காட்டினார். நாலு நிமிஷத்தில் ஒரு விரல் அசைவுகூடக் குறையவில்லை.

புருஷன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கடிகாரம்மா எழுந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அவர் பிடி கொடுக்கவில்லை. அந்தக் கைகளுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன சேதி வந்தாலும் இந்த வீட்ல எனக்குத்தான் கடைசியாத் தெரியும். எல்லாரும் பேசி முடிச்சு, சிரிச்சு முடிச்சு, அப்புறம் என் தோளைத் தட்டிச் சொல்வீங்க. அதுவும் சுருக்கி. இன்னிக்குச் செய்தி முதல்ல எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்கு நான் சொன்னேன்."

 கடிகாரம்மா கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கையால் கேட்டாள். புருஷன் தட்டை நகர்த்திவிட்டுச் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார். நாத்தனார் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமுவது போல விரல்களை ஒரு தடவை உதறிவிட்டு, தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பித்தார்.