விருந்தாளி மூட்டை தூக்கக் கூடாது

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தேன். வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் எங்கள் வேலு. முழுப்பெயர் செங்கோட்டுவேல், திருச்செங்கோட்டுக்காரன், நாமக்கல்லில் என்னிடம் பல வருடம் லாரி ஓட்டியவன். பக்கத்தில் நரைத்த மீசையோடு நின்றவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, இன்றைக்கு ஆறு லாரிக்கு முதலாளி. வேலு அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறான்.

நான் போனது மகளைப் பார்க்க. அவள் வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஆறு மாதத்துக்குமேல் செல்லாதாம். புதிதாகப் பரீட்சை எழுதி வாங்க அவளுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை. அதனால் அவள் வேலுவிடம் சொல்ல, அவன் தயாபரனிடம் சொல்ல, அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பயணம் சுகமோ அண்ணை? ஏறுங்கோ. எண்பது கிலோமீட்டர்தான், ஒரு மணித்தியாலத்தில போயிடுவம்” என்றார்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் எடுக்கலாம். அதனால் நெடுஞ்சாலையோர நிறுத்தம் ஒவ்வொன்றும் நிரம்பி வழிகிறது. அப்படி ஒன்றில் காப்பிக்காக இறங்கினோம். காப்பி நான்கு யூரோ இருபது சென்ட். மூத்திரம் போக ஒரு யூரோ. பெட்ரோல் பங்கில் ஒண்ணுக்குப் போக நூறு ரூபாயா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலு சிரித்தான்.

“மாசக்கணக்குல இப்படித்தானுங்ண்ணா இருந்தேன். காசு குடுக்க மனசு வராம அந்தப் புதருக்குப் பின்னாடி போவோம்.”

லாரிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த சந்தில் நான்கைந்து பேர் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தார்கள். லாரிக் கண்ணாடிகளில் துண்டும் உள்பனியனும் காய்ந்தன. உஸ்பெக், பஞ்சாப், பிலிப்பைன்ஸ் என்று வேலு ஒவ்வொருவராகக் காட்டினான். நம்பர் பலகை போலந்து, லித்துவேனியா என்று இருந்தது. ஒரு பஞ்சாபிப் பையன் என் கையில் ரொட்டியைத் திணித்தான். வாங்கித் தின்றேன். அவன் ஓர் அறையில் குளித்துப் படுத்து எத்தனை நாள் ஆகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

வேலுவும் அப்படி ஒரு போலந்துக் கம்பெனியில்தான் இருந்தான். வேலை அனுமதி கம்பெனியின் பெயரில், குடியிருப்பு அட்டை அந்த வேலையின் பெயரில். ‘இவன் எங்களிடம் முறைப்படி வேலை செய்கிறான்’ என்று சொல்கிற சான்றிதழும் கம்பெனியுடையதே. அட்டையில் போலந்து என்று போட்டிருந்தாலும் போலந்தில் அவன் தூங்கியது சில நாள்தான். மற்றதெல்லாம் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் வண்டிக்குள்ளேயே. வாரக் கடைசி நீண்ட ஓய்வை வண்டிக்குள் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. அது இந்த நிறுத்தத்தில் எந்த லாரிக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“இப்படி ஒரு நிறுத்தத்துல வண்டிக்குள்ள காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேனுங்ண்ணா. வீட்டுக்குப் போன்ல பேசிட்டு இருந்தேன். இவரு கதவத் தட்டி ‘தமிழோ?’ன்னாரு. அப்படியே அழுதுட்டேன்.”

“பிறகென்ன, சோத்தைக் குடுத்து வீட்டை கூட்டிக்கொண்டு வந்தன்” என்றார் தயாபரன்.

திங்கட்கிழமை மகள் அலுவலகம் போனதும் தயாபரனின் முற்றத்துக்குப் போனேன். முற்றம் என்றால் கம்பிவேலி போட்ட லாரி ஷெட், வால்டோர்ஃபிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். மாடியில் வீடு. அவர் மனைவி வதனி பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார். கீழே ஆறு லாரியில் இரண்டு ஓடாமல் நின்றன.

“ரிப்பேரா?” என்றேன்.

“ட்ரைவர் இல்லை அண்ணை. இங்கத்தைப் பெடியள் ஒருத்தரும் இந்த வேலைக்கு வாறேல்லை.”

நாமக்கல்லிலும் இதே கதைதான். ஓட்ட ஆள் இல்லாமல் லாரியை நிறுத்திவைத்துவிட்டு வட்டி கட்டுகிறோம். இங்கே ஓட்டத் தெரிந்தவன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்திலேயே லாரியும் சும்மா நிற்கிறது. இதென்ன கூத்து என்று கேட்டேன்.

தயாபரன் வேலுவைக் கண்ணால் காட்டிவிட்டு விரலை மடக்கினார். “ஐரோப்பா லைசென்ஸ் வேணும். அதின்ர பின்பக்கத்தில தொண்ணூற்றஞ்சு எண்டு ஒரு இலக்கம் இருக்கவேணும், தொழில் ட்ரைவர் எண்டதுக்கு. ரெண்டையும் உவர் போலந்திலயே எடுத்திட்டார், கெட்டிக்காரன். மிச்சம் முழுக்க என்ர தலையில. வேலை ஒப்பந்தம் எழுதவேணும். இங்கத்தை ஆளுக்குக் குடுக்கிற அதே சம்பளம், அதே லீவு எண்டு காட்டவேணும். அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் போட்டு, வேலைவாய்ப்புக் கந்தோர் ஓம் எண்டு சொல்லவேணும். பிறகு உவர் வார்சோவுக்குப் போய் எங்கட ஜெர்மன் எம்பஸியில விசா எடுக்கவேணும். அதுக்கு நாள் குறிச்சு டெர்மின் கிடைச்சிட்டுது, வாற மாசம்.”

“அதுவரைக்கும்?”

“போலந்து அட்டை உயிரோட இருக்கும்வரைக்கும் இங்க விருந்தாளியா நிக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது.”

அதுதான் கழுத்துக்கு மேல் கத்தியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலு கம்பெனியை விட்டு வந்துவிட்டான். விட்டு வந்ததால் அந்த அட்டையை எந்த நாளும் ரத்து செய்துவிடுவார்கள். அதற்குள் ஜெர்மன் விசா கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஐரோப்பாவில் அவனுக்குக் கால் வைக்க இடம் கிடையாது.

என் மகளுக்கு இந்த அவஸ்தை எதுவும் தெரியாது. அவள் கம்பெனியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம். காகிதம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள், இவள் கையெழுத்துப் போட்டதோடு சரி. தயாபரனுக்கு அந்தப் பிரிவு என்பது அவரும் வதனியும் சாப்பாட்டு மேசையும்தான்.

வியாழக்கிழமை மதியம் ராட்டர்டாமிலிருந்து அரிசி வந்தது. சுற்றுவட்டாரத் தமிழ்க் கடைகளுக்கான சரக்கு. நான் டீ டம்ளரோடு படியில் நின்றிருந்தேன். வேலு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பின்கதவைத் திறந்ததும் அரிசி மூட்டை அடுக்கியிருந்த ஒரு தட்டுப்பலகை உடைந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்து, மூட்டைகள் சரியத் தொடங்கின. லாரி ஓட்டி வந்த ருமேனியாக்காரர் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு கத்தினார். தயாபரன் உள்ளே போனில் இருந்தார்.

வேலு எழுந்து ஓடினான். இரண்டு கையாலும் தாங்கி, ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினான். சரிவு நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் தின்ற வீட்டில் வேலை நடக்கும்போது நம் ஊர்க்காரன் எவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? எனக்கு முதுகுவலி, அதோடு கொஞ்சம் சோம்பல். அதனால் நின்றேன். நேர்மையாகச் சொன்னால் காரணம் அவ்வளவுதான்.

வெள்ளை வேன் ஒன்று கேட்டைத் தாண்டி வந்து நின்றது. சீருடையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இறங்கினார்கள். சுங்கத்துறையில் களவாக வேலை வாங்குவதைப் பிடிக்கிற பிரிவாம், எனக்கு அப்போது தெரியாது. யார்மீதும் புகார் இல்லை, வழக்கமான சோதனைதான் என்று பின்னால் சொன்னார்கள். அந்தப் பெண் நேரே வேலுவிடம் போய் அடையாள அட்டை கேட்டாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போலந்து அட்டையை நீட்டினான். “ஹெல்ப், ஹெல்ப்” என்று சிரித்தான்.

தயாபரன் வெளியே ஓடிவந்தார். முகத்தில் பயம் துளிகூட இல்லை. தப்பு செய்யாதவனின் முகம். ஜெர்மனில் படபடவென்று பேசினார். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, சொன்னதையே தமிழிலும் சொன்னார், நான் கவலைப்படக் கூடாது என்று.

“உவர் வாற மாசம் எங்களிட்ட ட்ரைவரா வரப்போறவர் எண்டு சொன்னனான். ஒரு சதமும் சம்பளம் குடுக்கேல்லை, வீட்டு ஆள் மாதிரி, சாப்பாடும் படுக்கையும் மட்டும்தான் குடுக்கிறம் எண்டு சொன்னனான்.”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். அவர் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டா என்று கேட்டாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “மூண்டு நேரமும்! என்ர மனிசி சமைச்சு!” என்று மாடியைக் காட்டினார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு என் டீ டம்ளரைப் பார்த்து நான் யார் என்று விசாரித்தாள். மகளின் முகவரியைச் சொன்னேன். என்னை விட்டுவிட்டாள்.

மகள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, இங்க சாப்பாடும் ரூமும் குடுத்தாலே அது சம்பளம்தான், லீகலா. வேலை செஞ்சதைப் பாத்துட்டாங்க, சம்பளம் குடுத்ததை இவரே சொல்லிட்டார்.”

“சோறு போட்டது சம்பளமா?”

“ஆமாப்பா.”

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, தயாபரன் அமர்த்தியிருந்த வக்கீல் போனில் பேசினார். தயாபரன் போனை மேசைமேல் வைத்துக் கேட்டார், வேலு எதிரே உட்கார்ந்திருந்தான். முதலாளிமேல் விசாரணை முடியும்வரை அவர் பெயரில் போட்ட விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வராது. முடிந்து அபராதம் விழுந்தால் அதற்குப் பிறகும் கஷ்டம்தான். அனுமதியில்லாமல் வேலை செய்ததால் வேலு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். போலந்துக்குப் போகலாமே என்று நான் குறுக்கே கேட்டேன். அவன் வேலையை விட்டதை அங்கே கம்பெனி ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டதாம், அட்டை போய்விட்டது.

வதனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“நான் அகதியா வந்த நேரம் என்னையும் வேலை செய்ய விடேல்லை அண்ணை” என்றார் தயாபரன். “முகாமில இருந்துகொண்டு ஒரு பேக்கரியில பாண் அடுக்கப் போனன். பிடிச்சு எழுதினவங்கள். எனக்குத் தெரியாமலே இருந்தது? எல்லாம் தெரியும். முதலாளியானாப் பிறகு மறந்து போனன் பாருங்கோ.” வேலுதான் எழுந்து அவர் தோளைத் தொட்டான்.

“விடுங்ண்ணா. நீங்க சோறு போட்டீங்க. வேறென்ன பண்ணீங்க.”

என் திரும்பும் விமானத்திலேயே அவனுக்கும் டிக்கெட் எடுத்தோம். இடைப்பட்ட நாட்களில் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. வேலு தட்டைக் கழுவ எழுந்தால் வதனி பறித்துக்கொள்வார். துடைப்பத்தைப் பார்த்தாலே, “வேண்டாம், நீங்கள் இருங்கோ” என்பார். பாசத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். நம் ஊரில் வந்த விருந்தாளி ஒரு கை கொடுக்கவில்லை என்றால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இங்கே சாப்பிடுவதற்கு மட்டும் கை வைத்திருந்தான் அவன். அதுவும் குறைந்துவிட்டது. பாதித் தட்டோடு எழுந்து போனான்.

ஞாயிறு காலை கிளம்பினோம். பத்து டிகிரி குளிர், தூறல். வழியனுப்ப வந்திருந்த மகள் முந்தின நாளே சாக்லேட்டும் சோப்புமாக அடைத்து என் பெட்டிகளைக் கல்லாக்கிவிட்டாள். ஷெட் வாசலில் வேன் நின்றது. என் முதுகு தெரிந்தவன் வேலு. குனிந்து பெரிய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

“விடும்! தொடாதேயும்!” என்று தயாபரன் கத்தினார்.

வேலு கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். தயாபரன் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். நாயோடு ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவருக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு பெட்டியையும் தானே மூச்சு வாங்க ஏற்றினார். வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏறினேன், தயாபரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வேலு மட்டும் நனைந்துகொண்டு திறந்திருந்த கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

“ஏனுங்ண்ணா,” என்றான் என்னிடம், மெதுவாக, “நான் ஏறி உக்காரலாமுங்களா? அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”