ஸ்டாப் என்று பெயர் வைத்த சோதனை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், லிப்டை இயக்கும் மின்பலகைகளைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சிறு சோதனை. பாகத்தின் பெயரையே சோதனைக்கும் வைத்துக் கணினியில் தட்ட வேண்டும். புதுக் கணினி வந்தபோது நான்தான் தட்டினேன். அவசரமாக நிறுத்தும் பாகத்தின் சோதனைக்கு ‘ஸ்டாப்’ என்று பெயர் வைத்தேன். அது கணினி தனக்கென்று வைத்திருந்த கட்டளை என்று எனக்குத் தெரியாது. அந்த வரிக்கு வந்ததும் கணினி நின்றுவிடும். அதுவரை பழுது இல்லையென்றால் பச்சை எரியும். அந்தச் சோதனையும் அதற்குப் பிறகு உள்ளவையும் நடக்கவே இல்லை.

தினமும் காலையில் முதலில் ஒரு கெட்ட பலகையை வைப்போம். சிவப்பு எரிந்தால் கணினி சரி. அதன் பழுது முதல் பாகத்திலேயே இருந்ததால் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது; நானும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கெட்ட பலகை தொலைந்துபோய், வேறொன்று கொடுத்தார்கள். அதில் வெட்டியிருந்தது நிறுத்தும் பாகத்தின் கம்பி. வைத்தேன். பச்சை.

‘ஸ்டாப்’ என்ற வரியிலேயே கணினி நின்றிருந்தது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பார்த்தேன். சிவப்பு.

மேற்பார்வை பார்த்த பெண் எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணே, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? சைன் போடுங்க லா, லோரி காத்துக்கிட்டு இருக்கு.”

“ரெண்டு வாரச் சரக்கும் ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு. ஏன், நீங்களும் கூட ஏறிப் போகப் போறீங்களா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சொன்னால் மறுபடி பெட்டி கட்டும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அதிலிருந்து நான் லிப்டில் ஏறுவதில்லை. வீடு ஒன்பதாவது மாடி. மனைவி கேட்டால், முழங்காலுக்கு நல்லது என்பேன்.

இன்று பாசாரிலிருந்து மீனோடு வந்தோம். அவளுக்குக் கால்வலி. லிப்டுக்குள் நின்று, “வாங்க லா, மீன் கெட்டுப்போயிரும்” என்றாள். உள்ளே போகவும் முடியவில்லை. வெளியே வா என்று சொல்லவும் முடியவில்லை. கதவு மூடியது. ஒன்பது மாடியும் ஓடினேன். மேலே அவள் சாவியோடு நின்றிருந்தாள். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தன வருஷமா?”

“அஞ்சு.”

“எந்தப் பலகை எங்க போச்சுன்னு ஃபேக்டரில கணக்கு இருக்கும்ல? எழுதிக் குடுங்க.”

“என் எழுத்த யாரு படிப்பா?”

“மொதல்ல நான் படிக்கிறேன். எழுதுங்க.”

தொழிற்சாலைக்கு எழுதி முடித்து, அதே பேனாவில் இதையும் எழுதினேன். மீன் இன்னும் கழுவவில்லை.

6 மார்ச் 1994, ஞாயிறு.