ஜப்பான் துரையும் சாயக் கொப்பரையும்

வெளிதேசத்து ஆராய்ச்சிக்காரருக்கு ஊர் பழக்கிவிடும் முன்ஷி வேலையில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: எது கெட்டுப் போனாலும் குற்றவாளியைத் தேடி அலைய வேண்டாம், முன்ஷி பக்கத்திலேயே நிற்பான். புது மாப்பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்டியவர்களும், கொழும்பிலிருந்து வந்த மாமாவை வீட்டில் வைத்துச் சமாளித்தவர்களும் நான் சொல்வதை உடனே புரிந்துகொள்வார்கள். நாமெல்லாம் ஒரே சாதி ஐயா, அடிபட்ட சாதி.

பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து, பாதிரிமாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போய், அப்படியே முன்ஷி ஆனவன் நான். வீடு, சமையல்காரன், பால்காரி, வண்ணான், கொசுவலை எல்லாம் என் தலையில். வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஆனால் ருஷ்ய யுத்தம் முடிந்து, ஊரெல்லாம் ஜப்பான் பேச்சாக இருந்த நேரத்தில், ஒரு நிஜ ஜப்பான்காரரே நம் பக்கம் வருகிறார், அவருக்கு நான்தான் முன்ஷி என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

பெயர் நிஷிமொரி. புல் வகைகளை ஆராய்கிறவர். ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்துப் பட்டுத்துணி மாதிரி மடிக்கிற பாய் நெய்கிறார்களே பத்தமடையில், அந்தப் பாயைக் கோரை கிழிப்பதிலிருந்து கரை கட்டுவது வரை கண்ணால் பார்க்க வேண்டும். பங்குனிக் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். இதற்காகவே இத்தனை கடல் தாண்டி வந்திருந்தார். பார்க்காமல் திரும்பினால் வந்ததே வீண்.

முதலில் வீடு

பத்தமடைக்குப் பக்கத்து ஊரான சேரன்மகாதேவியில் கோமதியம்மாள் வீட்டுப் பின்கட்டைப் பிடித்தேன். அவள் புருஷன் நெல் மண்டியே கதி என்று திருநெல்வேலியில் கிடப்பவர். வீட்டில் கோமதியம்மாள் வைத்ததுதான் சட்டம். துரை என்றால் மேஜை, நாற்காலி, கட்டில் இல்லாமல் முடியாது என்பது என் அனுபவம். பாளையங்கோட்டையில் தெரிந்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டி இரவல் வாங்கி, சுடலை என்ற வண்டிக்காரன் வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் அவன் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தேன்.

நிஷிமொரி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். கழுவி விட்ட தரையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. காலை மடக்கி, குதிகால்மேல் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, ‘இது போதும்’ என்றார். தங்கள் ஊரில் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்களாம், தரையில்தான் படுப்பார்களாம். நான் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தேன். சுடலை என்னைப் பார்த்தான்.

“வாத்தியாரையா, இந்த நாக்காலிய எறக்கவா, இல்ல, வந்ததுக்கு அதுக்கு ஊரச் சுத்திக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டு போவவா?”

சாப்பாடு

சூப்பும் கட்லெட்டும் செய்யத் தெரிந்த சமையல்காரன் ஒருவனையும் ஏற்பாடு செய்திருந்தேன். அவன் வந்த முதல் நாளே, பக்கத்து அடுப்பில் கோமதியம்மாள் வடித்த சோற்று வாசனையில் நிஷிமொரி சொக்கிப் போனார். அவருக்குச் சோறுதான் வேண்டும், மூன்று வேளையும் வேண்டும். சமையல்காரன் கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். கோமதியம்மாள் ஒரு கும்பா நிறையச் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் கொடுத்தனுப்பினாள்.

நிஷிமொரி மூங்கிலில் தாமே சீவி வைத்திருந்த இரண்டு குச்சிகளை எடுத்தார். அவற்றை ஒரே கையில் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கதவோரம் நின்று பார்த்த கோமதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கையில வெரலெல்லாம் ஒழுங்காத்தான இருக்கு. பாவம், சின்னதுலயே பழக்கிவிட ஆளில்லாமப் போச்சே!”

கடைத்தெரு

கடைத்தெருவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் தாமதம், தெரு நிறைந்துவிட்டது. ருஷ்யாக்காரனை அடித்த நாட்டுக்காரர்! ஒருவர் இளநீர் வெட்டி நீட்டினார். இன்னொருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்ட கையை எல்லோரிடமும் காட்டினார். புல் ஆராய்கிறவருக்கும் பீரங்கிக்கும் சம்பந்தமில்லை என்று நான் கத்தியதை யார் கேட்டார்கள்? நிஷிமொரி ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொல்ல, அவர்களும் பதிலுக்குக் குனிய, தலைகள் முட்டிக்கொண்டன.

கத்தரிக்காய் விற்கிற அண்ணாச்சி ஒருவர் மட்டும் குனியவில்லை. அவர் எழுந்து வந்து நிஷிமொரியின் பக்கத்தில் நின்று, தோளுக்குத் தோள் உயரம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னதைக் கேட்டதும், போலீஸ்காரர் யாராவது இருக்கிறாரா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, துரையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். ஆனால் எனக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயத்தால் மட்டும் அல்ல.

“ஆளு நம்ம உசரந்தான வே இருக்காரு! அப்ப நாமளும் ஒரு கை பாக்கலாம் போலயே!”

அனுமதி கேட்டல்

பத்தமடையில் அந்த மாதிரி நயமான பாய் அப்போது நெய்துகொண்டிருந்தவர் மைதீன் அண்ணாச்சிதான். கல்யாணப் பாய். உள்ளறையில் அவரும் அவர் பெண்டாட்டியும் சேர்ந்து நெய்வார்கள். முன்னறையில் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நிஷிமொரி உள்ளே வரும்போது, விரித்திருந்த பாயின் கரையை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து வந்தார். பாயின் கரையை மிதிப்பது அவர்கள் ஊரில் பெரிய மரியாதைக்கேடாம். மைதீன் அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தும் நெசவைப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் கறுத்துவிட்டது. “பாத்துட்டுப் போயிருவாக. அங்கன ஒரு மிசினு ஓடும், இங்கன எம் புள்ளைக வயித்துல ஈரத்துணி” என்றார். அப்படியில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். மறுபடியும் போனேன். மறுபடியும் மோர்தான் கிடைத்தது. கப்பல் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நிஷிமொரி சாயங்காலமானால் ஆற்றங்கரைக்குப் போய், ஒரு கோரையைப் பிடுங்கி, நகத்தால் கிழித்துக் கிழித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவர் மனதைத் தேற்ற வேறு என்ன செய்யலாம் என்று கேட்டேன். கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்து குளிக்க வேண்டும், வந்த நாளிலிருந்து அந்த ஏக்கம் என்றார். ஆள் உட்காரும் அளவுக்குப் பாத்திரத்துக்கு எங்கே போவேன்? அறுப்புக் காலம், நெல் அவிக்கிற கொப்பரை எதுவும் சும்மா இல்லை. மைதீன் அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் ஒரு செப்புக் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

“ஒரு தடவ இல்லன்னு சொன்னதே எனக்குச் சங்கடமா இருக்கு. கொப்பரைய எடுத்துட்டுப் போம், நெசவ மட்டும் கேக்காதீரும்!”

குளியல்

அந்தக் கொப்பரையில்தான் அண்ணாச்சி சப்பங்கிக் கட்டையை வேகவைத்துக் கோரைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார். அதனால் புளி போட்டு நானே தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது, விளிம்பில் மட்டும் லேசாக மஞ்சள். முற்றத்தில் கல் கூட்டி, கொப்பரையை ஏற்றி, ஆற்றுத் தண்ணீர் ஊற்றி, அடியில் தீ மூட்டினோம். கால் சுடாமல் இருக்க உள்ளே ஒரு பலகை. வெள்ளைக்காரத் துரைமார் நுரை இல்லாமல் குளிக்க மாட்டார்கள் என்பதும் என் அனுபவம் அல்லவா? நம்மால் ஆன உபசாரம் என்று, அவருக்குத் தெரியாமல் ஒரு பெரிய கட்டிச் சவுக்காரத்தைக் கரைத்துவிட்டேன்.

இருட்டுகிற நேரம். நிஷிமொரி உள்ளே இறங்கி, கண்ணை மூடி, ‘ஆஹா’ என்று ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், நான் பட்ட பாடெல்லாம் பறந்துவிட்டது! ஆனால் மதில்மேல் ஒரு தலை, இரண்டு தலை என்று வரிசையாக முளைத்தன. “ஏலே, ஓடியா! துரைய வேக வைக்காவலே!” என்று ஒரு குரல். தெருவே திரண்டுவிட்டது. நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்ததால் யாரும் என்னை நம்புவதாக இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த சுடலை, கொப்பரையை எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

“உப்பு போட்டாச்சா, வாத்தியாரையா?”

உடம்புக்கு வந்தால்

மறுநாள் காலை கிணற்றடியில் கோமதியம்மாள் போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன். நிஷிமொரி கழுத்துக்குக் கீழே செக்கச்செவேல் என்றிருந்தார். முகத்தில் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. அம்மை!

கோமதியம்மாள் கத்தியது அந்த ஒரு தடவைதான். அடுத்த நிமிஷம் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாள் வீடு தேடி வந்திருக்கிறாள் என்றால் மரியாதை செய்ய வேண்டாமா? வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. நிஷிமொரியைப் பிடித்து வேப்பிலைமேல் கிடத்தி, இளநீர் கொடுத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நாங்கள் இருவரும் வாசல் தாண்டக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. அதற்குள் கப்பல் போய்விடும். பாயும் போச்சு, கப்பலும் போச்சு, எல்லாம் என்னால் என்று எனக்கு அழுகையே வந்தது. நோயாளியோ வேப்பிலையைக் கையில் எடுத்து நரம்பு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு தம் கையை மோந்து பார்த்து, ‘இது நோய் இல்லை, சாயம்’ என்று தமக்குத் தெரிந்த தமிழில் எங்களிடம் தெளிவாகவே சொன்னார். கோமதியம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“அம்மா எறங்குத வரைக்கும் இப்படித்தான் ஒளறுவாக. நீங்க பதில் பேசாதீக!”

இரவல் பாத்திரம்

எங்களைக் காப்பாற்றியது மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை, கொப்பரைக்கு உடையவர் அதைக் கேட்டு வந்ததுதான். கோரைக் கட்டு சாயத்துக்குக் காத்துக் கிடக்கிறது என்று மைதீன் அண்ணாச்சி சுடலையின் வண்டியிலேயே வந்து இறங்கினார். நிலையில் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார். நான் ஜன்னல் வழியாக நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். புளி என்றேன், தலையை ஆட்டினார். சவுக்காரம் என்றேன், அவர் கண் அகலமாகியது. அதற்குள் நிஷிமொரியும் ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு வெளியே ஒரு சிவப்புக் கையை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார், தெரு அதிரச் சிரித்தார்.

“தாயி, ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க” என்றார் கோமதியம்மாளிடம். அவள் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் கூடிவிட்ட அத்தனை பேர் முன்னாலும் பழத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைப் பிழிந்து அந்தக் கையில் தேய்த்தார். சிவப்பு எங்கே? தேய்த்த இடம் மஞ்சளாகிவிட்டது! “புளிப்புக்கு மஞ்சளாவும், சவுக்காரத்துக்குச் செவக்கும். எங்க சாயம் அது. அம்மையாயிருந்தா எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுமா தாயி?” என்றார். கோமதியம்மாள் மற்ற பாதியை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்து, மஞ்சளைக் கண்ட பிறகுதான் வேப்பிலையை எடுத்தாள்.

நிஷிமொரியைப் பிடிக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடி வந்து ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் சவுக்காரம் என்று மாற்றி மாற்றித் தேய்க்கிறார், மஞ்சள் என்கிறார், சிவப்பு என்கிறார், குதிக்கிறார். தெருவே சேர்ந்து கத்துகிறது, நானும்தான் கத்தினேன்! மைதீன் அண்ணாச்சி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த மனிதரை மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குப் பாயின் கரையை மிதிக்காத காலைப் பார்த்த அதே பார்வை. பிறகு என் பக்கம் திரும்பினார். பாய் விரிந்துகொண்டிருந்த அந்த உள்ளறைக் கதவு, பங்குனிக் கப்பலுக்கு முன்னால் எங்களுக்குத் திறந்தது இந்த வார்த்தையில்தான்.

“மிசினு வச்சிப் பொழைக்கிறவன் எவனாவது சாயக் கொப்பரையில தானே எறங்கி ஒக்காருவானா? நாளைக்கு விடியவும் உள்ள கூட்டிட்டு வாரும் வே, கோரை கிழிக்கதுலருந்து பாக்கட்டும்!”

அனுமதி கேட்டு நான் நடந்த நடையும் குடித்த மோரும் வீணாகிப் போக, ஒரு கொப்பரையைச் சரியாகக் கழுவாமல் விட்டதுதான் இந்த முன்ஷி தன் தொழிலில் செய்த ஒரே உருப்படியான வேலை என்று ஆயிற்று.