பல்லியின் வாயில் விழுந்த கிழவர்

ஆங்கிலப் படம் பார்ப்பதும் படிப்புதான் என்று எங்கள் வீட்டை நம்பவைத்தவன் நான். அது முழுப் பொய்யும் இல்லை. பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பில் ஆங்கில ஆசிரியர் ஒருநாள், "காது பழக வேண்டுமானால் நல்ல ஆங்கிலப் படங்களைப் பாருங்கள்" என்றார். அதில் 'நல்ல' என்ற சொல்லை மட்டும் வகுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் பார்த்த படங்களை அவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். செய்தித்தாளின் சினிமாப் பக்கத்தில், பெரிய விளம்பரங்களுக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் இருக்கும். ஞாயிறு காலைக் காட்சி மட்டும். வாயைப் பிளந்த ஒரு பிராணி, வெள்ளி உடுப்பில் துப்பாக்கியோடு ஓர் ஆள், அலறுகிற ஒரு பெண். இவை மூன்றும் அந்தக் கட்டத்துக்குள் இருந்துவிட்டால் அந்த வாரம் எனக்குப் பாடம் ஏறாது.

அந்தப் படங்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை, பேசியதுமில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரி விடும்போது பெரிய படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவற்றின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியவைதான். விண்வெளியில் போகிற ராக்கெட்டின் புகை பின்னால் போகாமல் ஊதுவத்திப் புகை மாதிரி மேலே போகும். ஒரே வெடிப்பை மூன்று இடத்தில் ஒட்டியிருப்பார்கள். பிராணி ஓடும்போது அதன் முட்டியில் ரப்பர் மடிப்பு விழும். ஆனால் எனக்கு வேறு காரணம் இருந்தது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவன் நான். அங்கே காலையிலிருந்து மாலைவரை என் தலைக்கு மேலே ஆங்கிலம் போய்க்கொண்டிருந்தது. கொட்டகையிலும் அப்படித்தான் போனது. ஆனால் திரையில் ஓடு என்றால் ஓடினார்கள், சுடு என்றால் சுட்டார்கள். புரியவில்லை என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரே இடம் அது.

நைனா, அதாவது என் அப்பா, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து ஓட்டினார். வெர்னியர் அளவுகோலில் தலைமுடி அளவைப் படித்துவிடுவார். பஸ்ஸின் பலகையைப் படிக்க வராது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்பதால், வீட்டில் என் பேச்சுக்கு நான் சம்பாதிக்காத ஒரு மதிப்பு இருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் எந்தத் திரி போடுவது என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். திங்கட்கிழமை காலை டீ நேரத்தில், ஞாயிறு படம் பார்த்தவர் எழுந்து முழுக்கதையையும் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் சண்டை போட்டுக் காட்ட வேண்டும். நைனா படத்துக்கே போகாதவர். இருபது வருஷமாக டீயைக் குடித்துக்கொண்டு கேட்டவர். ஒரு சனிக்கிழமை மாலை திடீரென்று சொன்னார்:

"நாளிக்கு நானும் வரேன்டா உன்கூட. இங்கிலீஷ் படம் எங்க ஷாப்புல எவனும் சொன்னதில்ல. நான் சொல்லிக் காட்றேன்."

"உனக்குப் புரியாது நைனா."

"நீ கீறியே, இன்னாத்துக்கு?"

அந்த வாரம்தான் கல்லூரிக்குள் வைத்த பரீட்சையில் ஆங்கிலத்தில் தோற்றிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. எனக்கும் புரியாது என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி நைனா வந்தார். தி.நகரிலிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூரில் இறங்கி, கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். விளக்கணைந்து ராக்கெட்டின் உள்ளே காட்டியதும் என் தொடையைத் தட்டினார்.

"டேய்! அது கேட் வால்வு வீலுடா! பைப்பு லைன்ல வைப்பாங்களே, அது! அத்தப் புடிச்சிக்கினு ராக்கெட்டு ஓட்றான் பாரு!"

"மெதுவா பேசு நைனா."

"அந்தக் கம்பியில ஓரத்துப் பிசிற அரம் போட்டு எடுக்கவே இல்ல. மேல வெள்ளி பெயிண்ட் பூசிட்டான். அவசர வேலை." அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எவனோ ஒரு டர்னரு சனிக்கெழம சாயங்காலம் கடைஞ்சி குட்த்துட்டுப் போயிருக்கான்."

முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். நான் இருட்டில் சுருங்கிப்போனேன். அந்தக் கொட்டகையில் அந்தப் படத்தை உண்மையாகப் பார்த்தவர் நைனா ஒருவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு திரையில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நைனா என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாடா சொல்றான் அந்தக் கெழவன்?"

பத்தில் ஒரு சொல்தான் எனக்குக் காதில் தங்கியது. அந்த ஒன்றை வைத்து மீதி ஒன்பதையும் நானே கட்டினேன். கிழவர் பெரிய விஞ்ஞானி. ராக்கெட் போய் இறங்கிய கிரகத்தில் ஒரு மருந்து இருக்கிறது. ஒரு ராட்சதப் பல்லி அதைக் காவல் காக்கிறது. துப்பாக்கியால் ஆகாது, படித்தவனால்தான் உலகம் பிழைக்கும் என்று கிழவர் சொல்கிறார். கடைசியாகச் சொன்னது நைனாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "கரெக்டா சொன்னான்" என்று திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பொய் சொல்லச் சொல்ல எனக்குச் சரளமாக வந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

முடிவில் பள்ளத்தின் ஓரத்தில் கிழவரும் ராக்கெட்டின் கேப்டனும் நின்றார்கள். கீழே பல்லி வாயைத் திறந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "வாத்யாரே, பல்லிக்கு முட்டியில தையல் பிரிஞ்சிக்கினு கீது!" என்றது. கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கிழவர் விழுந்தார்.

"தள்ளிட்டான்டா!" என்றார் நைனா.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நான் கட்டிய கதையில் கேப்டன் கிழவரைத் தள்ள வழியில்லை.

"இல்ல நைனா. அவர் தானே குதிச்சாரு. தியாகம். கேப்டன் புடிக்கப் பாத்தான்."

"தள்ளுன மாரி இருந்துச்சே."

"கடைசியா அவர் சொன்னாரே, உனக்குப் புரியல."

நைனா திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "அப்டியா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கதையை எனக்கே இரண்டு முறை ஒப்பித்துக் காட்டினார். தியாகம் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்திப் பழகினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாண்டி பஜாரில் இறங்கும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மாலை வந்தவர் கை கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். எப்படிச் சொன்னாய் என்று நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, குழாயடியில், அதே பட்டறையில் வேலைசெய்கிற பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாபா காலேஜூ, உங்க நைனாவ நல்லா மாட்டி வுட்டுட்டியே!"

"இன்னாண்ணே ஆச்சு?"

"மனுசன் இன்னா ஜோரா சொன்னாரு தெரியுமா! வால்வு வீல புடிச்சி ராக்கெட்டு ஓட்னத நடிச்சே காட்னாரு. எல்லாரும் டீயக் குடிக்கவே மறந்துட்டாங்க. கடசீல தியாகம்னு சொன்னாரு பாரு, மொதலாளி மருமகன் அங்க நின்னுக்கினு இருந்தாரு. அவரும் அந்தப் படத்தப் பாத்திருக்காரு. 'யோவ், அந்தக் கெழவன்தான்யா வில்லன்! பல்லிய வளத்ததே அவன்தான். கேப்டன் புடிச்சித் தள்றான்'னாரு. அவ்ளோதான், ஷாப்பே சிரிச்சிது."

"நைனா இன்னா சொன்னாரு?"

"அவுரா?" அவர் சிரிப்பை நிறுத்திக் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினார். "'எம்புள்ள காலேஜ் படிக்கிறான் சார், அவன் தப்பா சொல்ல மாட்டான், நீங்க இன்னொரு தபா பாருங்க'ன்னாரு. அதுக்கு இன்னும் சிரிச்சானுங்க."

அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. அடையாறு பாலம்வரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தேன். மாலையில் சொல்லிவிடுவது என்று வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். நைனா வந்தார். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த இரும்புச் சுருளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார். என் வாக்கியங்கள் எல்லாம் ரொம்ப நீளமாகத் தெரிந்தன.

இரண்டு வாரம் கழித்து, அவரே வந்து செய்தித்தாளில் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார். அதில் ஒரு பெரிய நண்டு இருந்தது.

"இது அதே மாரி படமா?"

"ஆமா நைனா."

"போலாம். இந்தத் தபா நீ ஒண்ணும் சொல்ல வாணாம். உன் பேச்சு காதுல வுழுந்தா மிசினு கண்ணுல பட மாட்டேங்குது. நானே பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அதே வெள்ளைச் சட்டை, அதே வரிசை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருந்த, அழுத்தம் காட்டுகிற கடிகாரங்களில் பாதிக்கு முள்ளே இல்லை என்பதை அவர் கண்டுபிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல எதுவும் இல்லாதபோது அந்தப் படம் எனக்கு முன்னைவிட நன்றாகவே புரிந்தது. முடிவில், பாறை உச்சியிலிருந்து, கண்ணாடி போட்ட ஒருவன் கடலில் நண்டின்மேல் விழுந்தான். நைனா திரையிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்:

"தள்ளிட்டான்."

"ஆமா நைனா," என்றேன். "அன்னிக்கும் தள்ளித்தான் வுட்டான்."

விளக்கு வந்ததும் நைனா சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.